வன்னியில் வீட்டுக்கும் வயலுக்கும் வானிலை நிலையம்: புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வன்னியில் உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. அந்த வாரங்களில் எவ்வளவு நீர் விழுந்தது, எத்தனை நாள் இடைவெளி விட்டு விழுந்தது என்பவற்றைப் பொறுத்தே காலபோக நெல்லின் விளைச்சலும், குளத்தில் தேங்கும் நீரும், அந்த நீரை நம்பிச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற முடிவும் அமைகின்றன. ஆகவே, வன்னியில் வானிலை நிலையம் வாங்க நினைப்பவர், அது எத்தனை அளவீடுகளைத் திரையில் காட்டும் என்று பார்ப்பதற்கு முன்னர், மழையை எவ்வளவு சரியாக அளக்கும் என்று பார்க்க வேண்டும். மற்றைய அளவீடுகள் பயனுள்ளவையே. ஆனால் மழையளவு பிழைத்தால் அவற்றின் பயனும் பாதியாகிவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் வவுனியாவிலும் மன்னாரிலும் அவதானிப்பு நிலையங்களை நடத்துகிறது. குளங்களைப் பராமரிக்கும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மழையைப் பதிவு செய்கிறது. அப்படியிருக்க, தனியாக ஒரு நிலையம் எதற்கு என்று கேட்கலாம். ஐப்பசி மாதத்து இடிமழை ஓர் ஊரில் வரம்பு நிறையப் பெய்யும்போது, இரண்டு மூன்று கிலோமீற்றர் தள்ளியுள்ள அடுத்த ஊரில் மண்ணின் மேற்பரப்பைக்கூட நனைக்காமல் போவதை வன்னியில் வாழும் எவரும் அறிவர். வவுனியாவில் பதிவான மழையை வைத்து ஒட்டுசுட்டானில் உள்ள ஒரு வயலின் ஈரத்தைக் கணிக்க முடியாது. மேலும், போர்க்காலத்தில் இப்பகுதியின் பல இடங்களில் மழைப் பதிவுகள் தொடர்ச்சியை இழந்துவிட்டன. இன்று ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் ஒழுங்காக எழுதிவைக்கும் பதிவு, அவருடைய காணிக்கு மட்டுமன்றி அந்த ஊருக்கும் சொத்தாகும்.

முதற்படி: எந்த முடிவை எடுப்பதற்கு அளவீடு தேவை?

கருவியைத் தேடுவதற்கு முன்னர், அது காட்டும் எண்ணைக் கொண்டு தாம் எந்த முடிவை எடுக்கப் போகிறோம் என்பதை ஒருவர் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. மானாவாரியாக நெல் விதைப்பவருக்குப் புழுதி விதைப்பின் பின்னர் விழும் முதல் மழை முளைக்கப் போதுமானதா, முளைத்த பின்னர் எத்தனை நாள் மழையற்ற காய்ச்சல் நீடிக்கிறது என்பவையே முக்கியம். அவருக்கு நல்ல மழைமானி ஒன்றே போதும். கட்டுக்கிணற்றை நம்பி மிளகாயோ வெங்காயமோ பப்பாசியோ செய்பவருக்கு வெப்பநிலை, சாரீரப்பதன் (வளியின் ஈரப்பதம்), காற்று, சூரியக் கதிர்வீச்சு ஆகிய நான்கும் தேவைப்படும். ஏனெனில் பயிர் ஒரு நாளில் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதை அந்த நான்கையும் கொண்டே கணக்கிட முடியும். பூச்சிகொல்லி தெளிப்பவருக்குக் காற்றின் வேகம் தேவை. நெல்லில் எரிபந்த நோயைக் குறித்து விழிப்பாக இருக்க விரும்புபவருக்கு இலையில் ஈரம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதைக் காட்டும் உணரி உதவும். குளிர்ந்த இரவும் நீண்ட நேரம் காயாத இலையும் அந்நோய்க்கு வாய்ப்பானவை. நகரத்து வீட்டில் ஆர்வத்துக்காக வைப்பவர், எல்லாம் ஒன்றாக அமைந்த நடுத்தரக் கருவியுடன் நிறைவடையலாம்.

சிறு குளமொன்றின் கீழ் பயிரிடும் கமக்காரர் அமைப்புக்கு என் ஆலோசனை வேறு. ஒரே விலையுயர்ந்த நிலையத்தை வாங்குவதைக் காட்டிலும், குளத்துக்கு நீர் வந்து சேரும் பரப்பில் ஒன்றும், அணைக்கட்டுக்கு அருகில் ஒன்றும், வயல்வெளியின் கடைசி வாய்க்கால் பக்கம் ஒன்றுமாக மூன்று எளிய மழைமானிகளை வைப்பது பயனுள்ளது. குளம் எவ்வளவு வேகமாக நிறையும் என்பதை வயலில் விழும் மழை சொல்லாது. மேலே காட்டில் விழும் மழையே சொல்லும்.

இரண்டாம் படி: கையால் அளக்கும் மழைமானியுடன் தொடங்குங்கள்

மின்னணு நிலையம் வாங்குவதற்கு முன்னர் ஒரு மாரி காலத்தையாவது கைமுறை மழைமானியுடன் கழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்குப் பற்றரி வேண்டாம், இணையம் வேண்டாம். மேல் வாயும் அளவுக்கோடுகளும் தெளிவாக உள்ள உருளை ஒன்று போதும். வாங்கும்போது அதன் கொள்ளளவைக் கட்டாயம் கேளுங்கள். தோட்ட அலங்காரத்துக்காக விற்கப்படும் சிறு மானிகள் சில பத்து மில்லிமீற்றர்களிலேயே நிரம்பி வழிந்துவிடும். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளத்தில் மூழ்கடித்ததைப் போன்ற மழையில் அவை ஒன்றுக்கும் உதவா. குறைந்தது 150 மில்லிமீற்றரையும், இயலுமானால் 250 மில்லிமீற்றருக்கு மேலும் கொள்ளக்கூடிய மானியைத் தேர்ந்தெடுங்கள்.

அளக்கும் நேரம் காலை 8.30 மணி. நாட்டின் அவதானிப்பு நிலையங்களும் அந்த நேரத்திலேயே முந்திய 24 மணித்தியால மழையை அளப்பதால், நீங்களும் அதே நேரத்தைக் கடைப்பிடித்தால் உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணுடன் ஒப்பிட முடியும். நேற்றுக் காலை 8.30 தொடக்கம் இன்று காலை 8.30 வரை விழுந்த மழையை எந்தத் திகதியில் எழுதுவது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்து, குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த விதியை இடையில் மாற்றினால் பதிவு முழுவதும் குழம்பிப்போகும்.

எண்ணின் பொருளையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர் என்பதால், 10 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் காணியில் 40,000 லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எரிபொருள் ஊற்றுபவருக்கு இந்தக் கணக்கின் பெறுமதி உடனே புலப்படும். முதியவர்கள் அங்குலத்தில் சொன்னால், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

பின்னர் மின்னணு நிலையம் வந்தாலும் இந்தக் கைமானியை எடுத்துவிடாதீர்கள். மற்றதைச் சரிபார்ப்பதற்கான அளவுகோலாக அது தொடர்ந்து பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: மழையை உணரும் முறையைப் பாருங்கள்

மின்னணு நிலையங்களில் மழை பெரும்பாலும் இரண்டு முறைகளில் அளக்கப்படுகிறது. முதலாவது முறையில், புனலில் விழும் நீர் கீழே உள்ள இரட்டைக் கிண்ணத்தின் ஒரு பக்கத்தை நிரப்பும். குறித்த அளவு நிரம்பியதும் கிண்ணம் மறுபக்கம் கவிழும். ஒவ்வொரு கவிழ்வும் பொதுவாக 0.2 அல்லது 0.1 மில்லிமீற்றராக எண்ணப்படும். இரண்டாவது முறையில் நகரும் பாகம் எதுவும் இல்லை; மழைத்துளி மேற்தகட்டில் மோதும் அதிர்வைக் கருவி உணர்ந்து, அதிலிருந்து மழையளவைக் கணிக்கும்.

இரண்டாவது வகை பராமரிப்புக்கு இலகுவானது. இலை அடைப்பதில்லை, எறும்பு கூடு கட்டுவதில்லை. ஆயினும் அது மழையை நேரடியாக அளப்பதில்லை, கணிக்கிறது. மெல்லிய தூறலைத் தவறவிடலாம். பலத்த காற்றில் கம்பம் அதிர்ந்தால் பெய்யாத மழையைக் காட்டலாம். கவிழும் கிண்ணத்துக்கும் ஒரு குறை உண்டு: மிகக் கடுமையான மழையில் கிண்ணம் கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போவதால், உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். வன்னியின் மாரி மழையில் இது அடிக்கடி நிகழும். எனினும் அந்தக் குறை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்திருப்பதாலும், கைமானியுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள முடிவதாலும், விவசாயத் தேவைக்குக் கவிழும் கிண்ண வகையையே நான் பரிந்துரைக்கிறேன். துளி மோதலை உணரும் கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அதனுடன் இணையக்கூடிய தனிக் கவிழ்கிண்ண மழைமானியைச் சேர்த்துக்கொள்ளலாம். இகோவிற் போன்ற நிறுவனங்களின் தொகுதிகளில் அந்த வசதி உண்டு.

எல்லா உணரிகளும் ஒரே தலைப்பாகத்தில் அமைந்த நிலையம் வேண்டுமா, தனித்தனியாகப் பிரித்து நிறுத்தக்கூடியது வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஒன்றாக அமைந்ததைப் பொருத்துவது இலகு. ஆனால் காற்றுக்கு உயரமான இடமும், மழைக்குத் தாழ்வான, காற்று அடங்கிய இடமும், வெப்பநிலைக்குப் புல்தரையின் மேலான இடமும் ஏற்றவை என்பதால், ஒரே கம்பத்தில் மூன்றுக்கும் ஏற்ற உயரம் கிடைப்பதில்லை. டேவிஸ் நிறுவனத்தின் வான்டேஜ் வியூ முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. அதே நிறுவனத்தின் வான்டேஜ் புரோ2 வில் காற்றுமானியைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம், சூரியக் கதிர்வீச்சு உணரியையும் சேர்க்கலாம். வயலுக்கு வாங்குபவர் பிரிக்கக்கூடிய தொகுதியைத் தேடுவதே நல்லது.

நான்காம் படி: மற்றைய அளவீடுகளில் எதை நம்பலாம்?

வெப்பநிலையின் தரத்தை உணரியைவிட அதன் மேல் உள்ள நிழற்கூடே தீர்மானிக்கிறது. வெண்ணிறத் தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்து, இடையே காற்று தாராளமாகப் புகக்கூடிய கூடு வேண்டும். சிறிய, நெருக்கமான கூடுள்ள மலிவான கருவிகள், காற்றில்லாத சித்திரை மாதத்து நண்பகலில் உண்மையைவிடப் பல பாகை கூடுதலாகக் காட்டுவதுண்டு. உணரி தரையிலிருந்து 1.25 தொடக்கம் 2 மீற்றர் உயரத்தில், இயலுமானவரை புல்தரையின் மேல் இருக்க வேண்டும். தகரக் கூரையின் மேலோ சீமெந்துச் சுவரின் அருகிலோ பொருத்தினால் அது கூரையின் வெப்பத்தையே அளக்கும்.

காற்றை 10 மீற்றர் உயரத்தில் அளப்பது உலக வானிலை அமைப்பின் நியமம். பயிரின் நீர்த்தேவைக் கணிப்புக்கு 2 மீற்றர் உயரத்துக் காற்றே வேண்டும். திறந்த வெளியில் 10 மீற்றர் உயர அளவை 0.75 ஆல் பெருக்கினால் 2 மீற்றர் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை ஓயாது வீசும் சோழகக் காற்று மண்ணையும் பயிரையும் எவ்வளவு விரைவாக உலர்த்துகிறது என்பதை எண்ணாகப் பார்க்க விரும்பும் தோட்டக்காரருக்கு, 2 மீற்றர் உயரக் கம்பமே போதுமானது, பாதுகாப்பானதும்கூட.

வளியமுக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில், பலரும் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலான நிலையங்களின் திரையில் சூரியன், மேகம், மழை ஆகிய படங்கள் முன்னறிவிப்பாகத் தோன்றும். உள்ளே உள்ள சிறு கணிப்பு முறை, அமுக்கம் ஏறினால் வெயில், இறங்கினால் மழை என்ற அடிப்படையில் இயங்குகிறது. அது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் நாட்டிலோ, வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் அமுக்கம் காலை 10 மணியளவில் உச்சத்துக்கு ஏறி, மாலை 4 மணியளவில் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தின் அலகு) இறங்கி, இரவு 10 மணியளவில் மீண்டும் ஏறி, அதிகாலை 4 மணியளவில் மீண்டும் இறங்கும். இந்த நாளாந்த ஏற்ற இறக்கத்தையே கருவி மழை அறிகுறி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே படத்தைப் புறக்கணித்துவிட்டு, இன்று காலை 10 மணி அமுக்கத்தை நேற்றுக் காலை 10 மணி அமுக்கத்துடன் ஒப்பிடுங்கள். ஒரே நேரத்து அளவுகள் இரண்டு மூன்று நாட்களாகத் தொடர்ந்து இறங்கி வந்தால், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஏதும் உருவாகியுள்ளதா என்று அறிவித்தல்களைக் கவனிக்க வேண்டும். கருவியைப் பொருத்தும்போது கடல்மட்டத்திலிருந்து உங்கள் இடத்தின் உயரத்தைப் பதிய மறக்காதீர்கள். ஏறத்தாழ 8 மீற்றர் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும் என்பதால், வவுனியா நகரத்துக் கருவியும் முல்லைத்தீவுக் கரையோரக் கருவியும் திருத்தமின்றி ஒத்துப்போகா.

புயல் விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் உள்ள நிலையத்தின் எண்ணைப் பார்த்து, இன்னும் இருக்கலாமா, வெளியேறுவதா என்று தீர்மானிக்கக் கூடாது. அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கத்தையும் மட்டுமே நம்ப வேண்டும்.

ஐந்தாம் படி: இடத்தை முடிவு செய்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்

நல்ல இடத்தில் நிற்கும் எளிய கருவி, மாமரத்தின் கீழ் நிற்கும் உயர்ந்த கருவியைவிட உண்மையைச் சொல்லும். ஆகவே காணியைச் சுற்றி நடந்து, மரம், கூரை, மதில் ஆகியவற்றின் உயரத்தைக் கணித்து, இடத்தைக் குறித்த பின்னரே வாங்குங்கள்.

மழைமானி, அருகில் உள்ள எந்தத் தடையின் உயரத்தையும் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும்; நான்கு மடங்கு கிடைத்தால் மிக நல்லது. 12 மீற்றர் உயரத் தென்னைக்கு 24 மீற்றர் தூரம் என்று கணக்கு. காற்றுமானிக்குத் தடையின் உயரத்தின் பத்து மடங்கு தூரம் வேண்டும் என்பது நியமம். வீட்டு வளவில் அது கிடைக்காது. கிடைக்காதபோது, திறந்திருக்கும் திசைகள் எவை, மறைந்திருக்கும் திசைகள் எவை என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். சோழகம் வரும் தென்மேற்கும் வாடை வரும் வடகிழக்கும் திறந்திருந்தால், வன்னியின் முக்கியக் காற்றுகள் இரண்டும் பதிவாகிவிடும். மழைமானியின் வாயை மட்டும் கூரைக்கு மேல் உயர்த்தாதீர்கள். உயரம் கூடக் காற்று கூடும், காற்று துளிகளை வாய்க்கு வெளியே தள்ளிவிடும். தரையிலிருந்து சேறு தெறிக்காத ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் போதும்.

சிறு சூரியத் தகடுள்ள நிலையங்களில் தகட்டைத் தெற்கு நோக்கித் திருப்பும்படி கையேடு கூறும். ஏறத்தாழ 9 பாகை வடக்கே உள்ள வன்னியில், சித்திரைப் புத்தாண்டை அண்டி உச்சிக்கு வரும் சூரியன், ஓகஸ்ட் மாதக் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். அதனால் கையேடு பிழை என்று எண்ண வேண்டாம். தகட்டுக்கு வெளிச்சம் குறையும் காலம் மாரி காலமே. அப்போது சூரியன் தெற்கில் இருப்பதால் தகட்டைத் தெற்கு நோக்கி வைப்பதே சரி.

கம்பம் நடுவதற்குக் குழி தோண்டும் இடம், கண்ணிவெடி அகற்றப்பட்டு உறுதிசெய்யப்பட்ட காணியாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஐயமிருந்தால் கிராம அலுவலரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே மண்வெட்டியை எடுங்கள். காட்டு ஓரக் கிராமங்களில் யானை நடமாட்டம் உள்ளதால், வயல் நடுவே நிறுத்துவதைக் காட்டிலும் வீட்டு வளவின் திறந்த மூலையில் நிறுத்துவது பாதுகாப்பானது. திறந்த வெளியில் உயர்ந்து நிற்கும் இரும்புக் கம்பம் மின்னலை ஈர்க்கும். அதற்கு நிலக்கம்பி அமைப்பதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். இடி கேட்கும் நேரத்தில் கருவியைப் பார்க்க வெளியே போகக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியட்டும்.

ஆறாம் படி: தொடர்பு, மின்சாரம், கொள்வனவு

கம்பியில்லாத் தொடர்புக்குப் பெட்டியில் எழுதப்பட்டிருக்கும் தூரம் தடையற்ற வெளிக்கானது. சுவரும் நனைந்த இலைகளும் அதைப் பல மடங்கு குறைத்துவிடும். மழை நேரத்திலேயே தொடர்பு அறுந்தால் நிலையத்தின் நோக்கமே கெடும் என்பதால், வீட்டிலிருந்து கம்பம் நிற்கும் இடம் எழுதப்பட்ட தூரத்தின் பாதிக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய கருவிகள் 433, 868, 915 மெகாஹேட்ஸ் அலைவரிசைகளில் தனித்தனிப் பதிப்புகளாக விற்கப்படுகின்றன. ஒரு பதிப்பின் உணரி மற்றதன் திரையுடன் பேசாது. வெளிநாட்டு உறவினர் மூலம் தருவிப்பவர்கள், எந்த அலைவரிசை இங்கு அனுமதிக்கப்படுகிறது என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உறுதிசெய்த பின்னர், பின்னாளில் சேர்க்கும் உணரிகளையும் அதே பதிப்பிலேயே வாங்க வேண்டும்.

மின்சாரமும் இணையமும் அறுந்த வேளையில் தரவு எங்கே சேமிக்கப்படும் என்பது அடுத்து கேட்க வேண்டியது. சில கருவிகள் எல்லாவற்றையும் இணையத்துக்கு அனுப்பிவிட்டுத் தம்மிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. இரவு முழுவதும் மின்சாரம் இல்லாவிட்டால் அந்த இரவின் மழை விபரம் தொலைந்துவிடும். திரைக்கு உள்ளேயோ நினைவட்டையிலோ பதிவைச் சேமிக்கும் கருவியே வேண்டும். றவுட்டருக்கும், உணரிகளின் தரவை அதற்கு அனுப்பும் இணைப்புப் பெட்டிக்கும் சிறிய மாற்று மின்கலம் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. இணைப்புப் பெட்டிகள் பலவும் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும் என்பதை றவுட்டர் அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பப்படும் தரவு மிகச் சிறிது. சாதாரணக் கைத்தொலைபேசித் தரவுப் பொதியே போதும்.

கடையில் கேட்க வேண்டியவை: கவிழும் கிண்ணம், காற்றுக் கிண்ணம், நிழற்கூடு ஆகியவை தனியாகக் கிடைக்குமா; உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா, பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது; தரவைக் கணினிக்கு இறக்க முடியுமா; அதற்கு மாதக் கட்டணம் உண்டா. உதிரிப்பாகம் கிடைக்காத கருவி, எவ்வளவு மலிவாக இருந்தாலும், சில ஆண்டுகளில் முழுமையாகக் கைவிடப்படும். கரையோரத்தில் வாழ்பவர்கள் ஆணிகளும் பிடிகளும் துருப்பிடிக்காத உருக்கால் ஆனவையா என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கடலின் உப்புக் காற்று சாதாரண இரும்பை விரைவில் தின்றுவிடும்.

ஏழாம் படி: பொருத்துதலும் சரிபார்த்தலும்

கம்பம் ஆடாமல் இருக்கக் கொங்கிறீற் இட்டு நிறுத்தி, மட்டம் பார்க்கும் கருவியால் மழைமானியின் வாய் சமமாக உள்ளதா என்று பாருங்கள். சாய்ந்த கிண்ணம் ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் கவிழ்ந்து தவறான எண்ணைத் தரும்.

பின்னர் மழைமானியை நீரூற்றிச் சோதிக்க வேண்டும். வாயின் விட்டத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, ஆரையை ஆரையால் பெருக்கி 3.14 ஆல் பெருக்கினால் பரப்பு வரும். விட்டம் 20 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 31.4 மில்லிலீற்றர் நீர். ஆகவே 628 மில்லிலீற்றர் நீரை அடியில் ஊசித்துளையிட்ட போத்தலில் நிரப்பி, ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக விழவிட்டால், திரை 20 மில்லிமீற்றரைக் காட்ட வேண்டும். 19 தொடக்கம் 21 வரை காட்டினால் நிறைவடையலாம். அதற்கு வெளியே போனால் கருவியின் திருத்தக் காரணியை மாற்றி மீண்டும் சோதியுங்கள். நீரை விரைவாக ஊற்றினால் சோதனை பிழைக்கும்.

பராமரிப்பில் வன்னிக்கே உரிய தொல்லைகள் உண்டு. மயில் உணரியின் மேல் வந்து அமரும்; குரங்கு காற்றுக் கிண்ணத்தைப் பிடுங்கும்; குளவி நிழற்கூட்டுக்குள் மண்கூடு கட்டும்; எறும்பும் சிலந்தியும் கவிழும் கிண்ணத்தை முடக்கும். பறவை அமராதிருக்கப் புனலின் விளிம்பில் மெல்லிய கம்பிகளை நிமிர்த்தி வைக்கலாம். கம்பத்தின் நடுப்பகுதியில் வழுக்கும் தகட்டுச் சுற்று ஒன்று குரங்கு ஏறுவதைக் கடினமாக்கும். மாதம் ஒருமுறை புனலைக் கழுவுங்கள். புரட்டாதி மாதக் கடைசியில், முதல் இடிமழைக்கு முன்னர், முழுக் கருவியையும் கழற்றித் துடைத்து, நீர்ச் சோதனையை மீண்டும் செய்து, பற்றரியை மாற்றிவிடுங்கள். கோடையின் நீண்ட மழையற்ற மாதங்களில் புனலில் சேரும் தூசியே மாரியின் முதல் மழையைத் தவறவிடச் செய்வது.

எட்டாம் படி: எண்ணை வயலில் பயன்படுத்துதல்

கிணற்று நீர்த் தோட்டத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 1998இல் வெளியிட்ட முறைப்படி, வெப்பநிலை, சாரீரப்பதன், காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றிலிருந்து ஒரு நாளில் மண்ணிலிருந்து ஆவியாதலாலும் இலைகளூடான ஆவியுயிர்ப்பாலும் ஏற்படும் நீரிழப்பு கணிக்கப்படுகிறது. கதிர்வீச்சு உணரியுள்ள சில நிலையங்கள் இதைத் தாமே காட்டும். சோழகம் வீசும் ஒரு நாளில் அது 5 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த வெங்காயத்துக்கான பயிர்க் குணகம் (அந்த இழப்பைப் பயிருக்கேற்ப மாற்றும் பெருக்கெண்) 1.05 என்பதால் பயிரின் தேவை 5.25 மில்லிமீற்றர். அரை ஏக்கர் தோட்டத்துக்கு அது ஏறத்தாழ 10,600 லீற்றர். இறைக்கும் இயந்திரம் ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் தருகிறது என்பதை ஒரு பீப்பாயை நிரப்பி அளந்துவிட்டால், எத்தனை நிமிடம் இறைப்பது என்று தெரிந்துவிடும். வாய்க்கால் வழியே இறைப்பவர்கள் வழியில் வீணாகும் நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் 8 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒன்றரை நாள் இறைப்பைத் தள்ளிப்போடலாம். வற்றும் கிணற்றுக்கு அந்த ஒன்றரை நாள் பெரிய உதவி.

மருந்து தெளிப்பதற்கு, காற்று மணிக்கு 15 கிலோமீற்றருக்குக் குறைவாகவும், இலை அசையும் அளவுக்காவது இருக்கும் காலை வேளையே ஏற்றது. முற்றிலும் அசைவற்ற அதிகாலையில் நுண்துளிகள் தரையை ஒட்டி மிதந்து அயல் காணிக்குப் போய்விடும்.

ஒரு மாரி காலப் பதிவு சேர்ந்ததும், அதைக் குளத்தின் நீர்மட்டத்துடன் பக்கத்துப் பக்கமாக எழுதிப் பாருங்கள். தொடர்ந்து எத்தனை மில்லிமீற்றர் பெய்த பின்னர் குளத்துக்கு நீர்வரத்துத் தொடங்குகிறது, எவ்வளவு பெய்தால் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்பவை சில ஆண்டுகளில் தெளிவாகும். சிறுபோகத்துக்கான கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு நீர் என்று பேசும்போது அந்தத் தாளைக் கமக்காரர் அமைப்பின் முன் வையுங்கள்; விவசாயப் போதனாசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இணையம் உள்ளவர்கள் வெதர் அண்டர்கிரவுண்ட், விண்டி போன்ற தளங்களிலும் தரவைப் பகிரலாம். வீட்டின் சரியான அமைவிடத்தைக் காட்ட விரும்பாவிட்டால் ஊரின் நடுப்புள்ளியைக் கொடுக்கலாம். ஆனால் கடவுச்சொல் மறந்தாலும் நிறுவனம் சேவையை நிறுத்தினாலும் பதிவு தொலையாதிருக்க, ஒவ்வொரு மாத முடிவிலும் தரவைக் கணினியில் இறக்கி, மொத்த மழையைக் குறிப்பேட்டிலும் மையால் எழுதிவிடுங்கள்.

எழுதும்போது ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத, அல்லது கருவி பழுதான நாளுக்கு 0 எழுதாமல், "அளக்கவில்லை" என்று எழுதுங்கள். பல நாள் மழை மானியில் சேர்ந்திருந்தால், அதை நாட்களுக்குப் பகிர்ந்து ஊகிக்காமல், "மூன்று நாள் சேர்த்து" என்று குறித்து மொத்தத்தை மட்டும் எழுதுங்கள். அளக்காத நாளையும் மழையற்ற நாளையும் பிரித்தறிய முடியாத பதிவிலிருந்து காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தது என்பதை எடுக்க முடியாது.